இரண்டு விரல் தண்ணீர்

திங்கட்கிழமை காலையில் பால்கனிச் செடி ட்ரேயில் விளிம்பு வரை ஊற்றிவிட்டுப் போன தண்ணீர், சாயங்காலம் வந்து பார்த்தபோது இரண்டு விரல் இறங்கியிருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் வெயில் குடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போயிருப்பாள். இவள் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் பால்கனி வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குள் வேறு யாராவது மூச்சு விடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

துணிக்கடையில் இவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முதலாளி வைத்தது. வந்தவர் பாதி விலைக்குக் கேட்டு வாயை மூடுமுன் குறுக்கே வெட்டி, அவரே முழு விலையும் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டுப் போகும்படி செய்துவிடுவாள். துணி பிடித்துப்போனவர் துணியைப் பார்க்கமாட்டார், வாசலைப் பார்ப்பார் என்கிற சூட்சுமமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிக் கடையில் இமைக்காத கண்கள், வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது மட்டும் நாலு பக்கமும் சுழலும்.

காரணம் ஒரே ஓர் ஆள். எட்டு மாதத்துக்கு முன்புவரை அவன் இவளுக்குக் கணவன். காகிதத்தில் இன்றைக்கும் அவன்தான். அடிக்கிற ரகம் இல்லை. அடித்திருந்தால் நாலு பேரிடம் காட்ட ஒரு தழும்பாவது மிஞ்சியிருக்கும். அவன் பொருளை நகர்த்துகிற ரகம். இவள் வேலைக்குப் போயிருக்கும்போது கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் போயிருக்கும். சர்க்கரை டப்பாவில் உப்பு இருக்கும். ஜன்னலோரத்துச் செடி ஒரு சாண் தள்ளி, வெயில் படாத மூலையில் உட்கார்ந்திருக்கும். கேட்டால், "நான் எதையும் தொடலையே, உனக்குத்தான் மறதி ஜாஸ்தியாகுது" என்பான், தலையைத் தடவிக்கொடுத்து. இரண்டு வருஷத்தில் இவளுக்கு இவள்மேலேயே நம்பிக்கை போயிற்று. விட்டுவிட்டு வந்த அன்று ஃபோனில் அவன் கத்தவில்லை. "எங்க போனாலும் நான் வந்துட்டுப் போவேன். வந்ததே உனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னான்.

ஆக, அவன் வந்திருந்தால் இந்த வீடு போச்சு. கடை போச்சு, கத்தரிக்கோல் என்ற பெயர் போச்சு, ஒன்பது தொட்டிகளும் போச்சு. மறுபடி ஒரு ஊர், மறுபடி ஒரு பூட்டு.

ஒன்பது தொட்டிகள் என்றால் தக்காளி நாலு, மிளகாய் நாலு, புதினா ஒன்று. மண் மூட்டையை மாடிக்குத் தூக்கிவர ஆள் இல்லாததால் எல்லாம் தென்னை நார்த்தூளில் வளர்கின்றன. செங்கல் அளவு கட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து வாளியில் ஊறவைத்தால் ஐந்து மடங்கு பொங்கும். உப்புப் போக மூன்று தண்ணீர் அலசினால் தொட்டிக்குத் தயார். மேலிருந்து ஊற்றுகிற வேலையே கிடையாது. நீளமான ட்ரே ஒன்றில் பருத்தித் துணி விரித்து, அதன்மேல் தொட்டிகளை வரிசையாக வைத்து, ட்ரேயில் தண்ணீர் விட்டால் போதும். அடி ஓட்டை வழியாக நார்த்தூள் தனக்கு வேண்டியதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒருதரம் நிரப்பினால் மூன்று நாளுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டாம். காலையில் போய் இருட்டுகிற நேரத்துக்கு வருகிறவளுக்கு இதைவிட வசதி ஏது? நேற்று ஞாயிற்றுக்கிழமைதான் பழைய துணி பாசி பிடித்துவிட்டதென்று, கடையில் மிஞ்சிய வெள்ளைப் பருத்தியை வாங்கிவந்து, கடை மேஜையில் விரிப்பதுபோல ஒரே உதறலில் விரித்திருந்தாள்.

இப்போது தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். நார்த்தூள் மேலே காய்ந்த மாதிரி நடிக்கும், எடைதான் உண்மை சொல்லும். தொட்டிகள் காலையில் இருந்ததைவிட லேசாக இருந்தன.

அப்படியானால் அந்த இரண்டு விரல் தண்ணீரைக் குடித்தது செடி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி நிரப்பி, துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் ட்ரேயின் உட்பக்கம் நீர்மட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள். நிலைவாசலுக்கு உள்பக்கம் முகப்பவுடர் தூவினாள். கதவைப் பூட்டி, கைப்பிடிக்கும் நிலைக்கும் நடுவே கறுப்பு நூல் ஒன்றைக் கட்டினாள்.

கடையில் அன்று ஒரு பெண்மணி பாதி விலைக்குக் கேட்டாள். இவள் சரி என்று வெட்டிக் கொடுத்துவிட்டாள். முதலாளி ஓடிவந்தார்.

"என்ன கத்தரிக்கோல், இன்னைக்கு மழுங்கிப் போச்சா?"

"தலைவலி, முதலாளி."

"தலை உன்னோடது, வலி என்னோடதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்தாள். எவனாவது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று இந்தச் சிரிப்பைப் பார்க்கிறானா என்று தேடிக்கொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் நூல் அறுபடவில்லை. பவுடரில் எறும்பின் கால்கூடப் படவில்லை. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல்.

நூல் அறுந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டாள். அறுந்த நூல் என்றால் ஒரு மனுஷன் கதவைத் திறந்தான், அவ்வளவுதான். அறாத நூல் என்றால் அவன் கதவே இல்லாமல் வருகிறான். அல்லது யாருமே வரவில்லை, அவன் சொன்னதுபோல இவளுக்குத்தான் பிசகிவிட்டது. இரண்டில் எது மோசம் என்று அவளால் விலை போடமுடியவில்லை.

புதன்கிழமை காலை நிரப்பி, நூலும் கட்டிவிட்டுப் போனாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கடையின் இரும்பு மீட்டர் கோலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நடுப்பகலில் திரும்பினாள். நூல் அப்படியே இருந்தது. அறுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ட்ரேயில் அதற்குள் ஒரு விரல் குறைந்திருந்தது. இரண்டு செட் உடுப்பு, பத்திரங்கள், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக் கதவோரம் வைத்தாள். இன்றைக்குள் தெரியவேண்டும். தெரிந்தால் சாயங்கால பஸ். ஃபோனை ஊமையாக்கி, மின்விசிறியை நிறுத்தி, கோலை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

அரைமணி நேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. கனத்த காலடி. அவசரமில்லாமல், ஒவ்வொரு படிக்கும் உரிய மரியாதை கொடுத்து ஏறிவந்தது. கதவுக்கு வெளியே நின்றது.

மூன்று தட்டு.

இவள் வாயைப் பொத்திக்கொண்டாள். யார் என்று கேட்கவில்லை. பேரத்தில் முதலில் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவள் வழக்கம். வெளியே இருந்த ஆளும் பேசவில்லை. "ம்ம்" என்று மூக்கால் ஒரு சத்தம் மட்டும் வந்தது. கைப்பிடி கீழே இறங்கிற்று, மேலே ஏறிற்று. இவள் மீட்டர் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறுபடி மூன்று தட்டு. மறுபடி அந்த "ம்ம்ம்", இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக.

பிறகு ஏதோ துப்புகிற சத்தம்.

"ஏ மேல்வீட்டுப் பொண்ணு! உள்ளதான் இருக்கேன்னு தெரியும். செருப்பு வெளிய கிடக்கு, நீ மட்டும் பறந்தா போயிட்டே?"

கீழ்த்தளத்துத் தையல்கடை அக்கா. நூல் கட்டி, பவுடர் தூவி, ஃபோனை ஊமையாக்கி, விசிறியை நிறுத்தியவள் செருப்பை வாசலில் விட்டிருக்கிறாள். தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அக்கா ஒரு உள்ளங்கையில் ஏழெட்டுக் குண்டூசியை ஏந்திக்கொண்டு நின்றாள். "வாயில ஊசி இருக்கறது மறந்துபோய் அப்படியே ஏறி வந்துட்டேன். எங்க பேச? ரெண்டு நாளா பகல்ல வந்து தட்டறேன், வீடு பூட்டியே கிடக்கு. அது இருக்கட்டும், உன் வீட்டுத் தண்ணி என் ஜன்னல் வழியா வருதே, அதுக்கு என்ன பதில்? ஓட்டல்காரன் ஆர்டர், எண்பது மீட்டர் வெள்ளைத் திரை. ஓரமெல்லாம் பழுப்புக் கறை! யார் வந்து..."

இவள் கையிலிருந்த இரும்புக் கோலை அக்கா அப்போதுதான் பார்த்தாள். கதவோரத்துப் பையைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். மீதி வாக்கியத்தை விழுங்கிவிட்டாள்.

"தண்ணியா?" என்றாள் இவள். "எந்தத் தண்ணி?"

"பால்கனி மூலையில ஓட்டை இருக்கில்ல, அதுக்குக் கீழ குழாய் உடைஞ்சு வருஷமாச்சு. அங்கிருந்துதான் சொட்டு சொட்டா."

இரண்டு பேரும் பால்கனிக்குப் போனார்கள். இவள் நின்று பார்த்த பக்கத்திலிருந்து எல்லாம் சரியாகவே இருந்தது. அக்காதான் கைப்பிடிச் சுவரோரமாகத் தலையை நுழைத்து, தொட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அடி சமர்த்தே, இங்க வந்து பாரு."

ட்ரேயின் மறுபக்க விளிம்பைத் தாண்டி ஒரு சாண் துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர், சத்தமே போடாமல், சுவரை ஒட்டிச் சொட்டி, மூலை ஓட்டைக்குள் ஓடியது. அடியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற அதே வித்தையில், துணி வழியாக ட்ரே தண்ணீர் விளிம்பேறிக் குதித்து இறங்கியிருக்கிறது.

கடை மேஜையில் துணி விரித்தால் எதிர்ப்பக்கம், வாங்குகிறவர் நிற்கிற பக்கம், ஒரு சாண் தொங்கவிடவேண்டும். தொங்குகிற துணியைத்தான் கை தானாகப் போய்த் தொடும். எட்டு மாதமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படியே விரித்த கை, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் அப்படியே விரித்துவிட்டது.

இவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது. அக்கா ஊசிகளைத் தன் சட்டைக் கழுத்தில் ஒவ்வொன்றாகக் குத்திவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குறையுதுன்னு யாரும் இரும்புக் கம்பி தூக்கமாட்டாங்க. யாரு அவன்?"

எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை இவள் சொன்னாள். கடிகாரம், சர்க்கரை டப்பா, ஃபோன். நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அக்கா கழுத்தில் மாலையாகக் கிடந்த அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆள் எப்படி இருப்பான்?" என்றாள்.

மூக்கு, நிறம் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தது வேறு. "கழுத்து பதினாறரை. தோள் பதினெட்டு, இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கம். கை இருபத்தஞ்சு. எப்பவும் முழுக்கைச் சட்டை, மடிச்சு விடமாட்டான்."

"இடது இறக்கம்." அக்கா இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். "மாடிப்படி என் மிஷினைத் தாண்டித்தான் ஏறணும். முகத்தை மறந்தாலும் தோளை மறக்கமாட்டேன். இந்த அளவு இதுவரைக்கும் வரல. வந்தா, இந்த உடம்புக்கு இங்க தைக்கறதில்லைன்னு சொல்லி, தெருவையே கூட்டி அனுப்பிவைக்கறேன். கத்தரிக்கோல் உன் கடையில மட்டும்தான் இருக்குன்னு நினைச்சியா?"

"திரையை நான் அலசித் தரேன், அக்கா."

"நீ அலசாம யார் அலசுவாங்க? நாளைக்கே கொண்டு வரேன்." எழுந்து கதவு வரை போனவள், நிலையில் தொங்கிய அறுந்த நூலைக் கிள்ளியெடுத்துப் பார்த்தாள். "நேத்தே பாத்தேன். பச்சைக் கதவுக்குக் கறுப்பு நூல் கட்டுவாங்களா? குருடனுக்குக்கூடத் தெரியுமே."

அக்கா இறங்கிப்போனதும் இவள் தொங்கிய துணியை வெட்டிவிட்டு ட்ரேயை நிரப்பினாள். சாயங்கால பஸ் நேரம் வந்தது, போனது. பை கதவோரத்திலேயே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர் கோட்டிலிருந்து நகத்தளவு இறங்கியிருந்தது. தொட்டிகள் கனத்தன. தக்காளித் தொட்டியைத் தூக்கி, கை வலிக்கிறவரை பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பையிலிருந்த உடுப்புகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். பத்திரங்களைப் பையிலேயே விட்டுவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது கதவுக் கைப்பிடியில் நூல் கட்டினாள். கீழேயிருந்து வந்த பச்சை நூல். இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்தால் அவள் கண்ணுக்கே தெரியவில்லை.