அம்மாவுக்கு ஓர் ஆள்

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த நான்காவது பெண்ணும் போய்விட்டாள் என்று அம்மா போனில் சொன்னபோது, திருவான்மியூர் நிலையத்தில் பஸ் ஏறுவதற்காக ஒரு காலைப் படியில் வைத்திருந்தேன். அந்தக் காலை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தேன்.

"சும்மா உக்காந்துண்டு செல்லை நோண்டிண்டிருந்தாடி. ஒரு துரும்பை நகர்த்தலை. நானே போகச் சொல்லிட்டேன்."

அம்மாவின் குரலில் வருத்தம் இல்லை. பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்த பெண்ணின் களைப்பும் திருப்தியும்தான் இருந்தன.

எட்டு மாதங்களுக்கு முன்பு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார், அப்பா நடக்கவில்லை. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் வண்டிகளை நேரத்துக்கு ஓட வைத்த பத்ரிநாராயணன், கட்டிலைவிட்டு இறங்கப் பயந்தார். "ஹம்சா" என்று ஒரு குரல் கொடுத்தால் தண்ணீரும் பேப்பரும் மருந்தும் படுக்கைக்கே வந்துவிடும்போது, பயத்தைத் தாண்டவேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. பிடித்து நடக்க வாங்கிய வாக்கரில் துண்டுகள் காய்ந்தன.

புனேயிலிருந்த அண்ணன் சாய்நாத் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்து வைத்துவிட்டான். எழுபத்து நாலு வயதில் அம்மா இப்படித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தால் அவளும் விழுவாள் என்றான். அதில் தப்பு சொல்ல எனக்கு வழியில்லை. "ஒரே ஒரு ஆள், ஒரு மாசம் நின்னு காட்டட்டும் ஜலஜா. இல்லேன்னா ரெண்டு பேரையும் நான் அழைச்சுண்டு போயிடறேன்" என்றான். அம்மா, கல்யாணமாகி வந்த நாள் முதல் கேட்டுவந்த கபாலி கோயில் மணியை, அதன்பிறகு செய்கிற வேலையை நிறுத்திவிட்டு நின்று கேட்டாள்.

ஐந்தாவதாக ஏஜென்சி அனுப்பிய பெண் அன்புச்செல்வி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக இருந்த குடும்பம், குடிசைகளை எடுத்தபின் இப்போது பெரும்பாக்கம். இரண்டு பஸ் மாறி, சரியாக எட்டு மணிக்கு வந்தாள். இந்தமுறை நடப்பதை நேரில் பார்த்துவிடுவது என்று நானும் மூன்று நாள் லீவு போட்டிருந்தேன்.

அவள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தபோது அப்பா குளித்து, சவரம் செய்து, தலை வாரி, இட்லியும் சாப்பிட்டு முடித்திருந்தார். படுக்கை விரிப்பு மாற்றியாகிவிட்டது. துவைத்த வேட்டி கொடியில் பாதி காய்ந்தும் விட்டது. அன்புச்செல்வி வேட்டியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா மாமி, எத்தினி மணிக்கு எய்ந்தீங்க?"

"நாலுக்கு" என்றாள் அம்மா பெருமையாக. "புதுசா ஒருத்தி வரச்சே ஆத்துல எல்லாம் அலங்கோலமா கிடந்தா நன்னாவா இருக்கும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாலு பெண்களுக்கும் அம்மா இதையேதான் செய்திருக்கிறாள். அவர்கள் செய்யவேண்டிய வேலையையெல்லாம் விடிவதற்குள் முடித்துவிட்டு, அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அனுப்பியிருக்கிறாள். நானும் ஏஜென்சிக்காரரிடம் நாலு தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

மறுநாள் அன்புச்செல்வி முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கே வந்தாள். அம்மா மூன்று மணிக்கு எழுந்திருந்தாள். மூன்றாம் நாள் அன்புச்செல்வி பழையபடி எட்டு மணிக்குத்தான் வந்தாள். அப்பா பக்கம் போகவே இல்லை. கொஞ்சம் நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தரும்படி என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"சாருக்கு எல்லாத்தியும் நீங்களே முட்ச்சிட்டீங்க. நான் வேல செய்யணும்ல? கால நீட்டுங்க மாமி."

"எனக்கென்னடிம்மா வந்தது? நான் நன்னாத்தானே இருக்கேன்."

"ஆமாமா, நல்லாத்தான் கீறீங்க. நீட்டுங்க."

புடவைக் கரையை விலக்கியபோது நான் பார்த்தேன். கணுக்கால் தெரியாத அளவுக்கு வீக்கம். குதிகால் முழுக்க வெடிப்பு. எட்டு மாதங்களாக வாரம் தவறாமல் வந்துபோன எனக்கு, அப்பாவின் தையல் எத்தனை என்று தெரியும். அம்மாவின் கால்களைத் தெரியவில்லை. அன்புச்செல்வி என் பக்கம் திரும்பாமலே, "இந்த வூட்ல பேசன்ட்டு ரெண்டு பேரு கீறாங்கம்மா" என்றாள்.

பத்தே நிமிஷத்தில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

கட்டிலிலிருந்து அப்பா, "ஹம்…" என்று ஆரம்பித்தார். அன்புச்செல்வி உதட்டில் விரல் வைத்தாள்.

"எய்ப்பாதீங்க சார். தண்ணிதான? அத்தோ, மேச மேல கீது. வாங்க, நாமளே போயி எட்த்துக்கலாம்."

அப்பா அம்மாவையே பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, எண்ணெய்க் கால்களை நீட்டிக்கொண்டு பகலில் தூங்குகிற அம்மாவை இந்த ஐம்பது வருஷத்தில் அவர் பார்த்திருக்கவே மாட்டார். பிறகு கையை நீட்டி, வாக்கரிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தார். அன்புச்செல்வி அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். வாக்கர் சத்தம் போடக்கூடாது என்பதற்காக அதைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஏழு அடி. தம்ளரை ஒரு கையால் தூக்கிக் குடித்ததில் சட்டையெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்கப்புறம் அம்மா ஆறு மணிக்கு எழுந்திருக்கப் பழகினாள். இரண்டாவது வாரம் அன்புச்செல்வி அடுத்த உத்தரவைப் போட்டாள்.

"நாலரைக்கு பார்க்குக்குப் போய்ட்டு வாங்க மாமி. நீங்க வூட்ல இருந்தா, இவுரு உங்க பேர ஏலம் போட்டுக்கினேதான் கெடப்பாரு."

"என் ஆத்தை விட்டு என்னையே துரத்தறாடி" என்று அம்மா போனில் அழாத குறையாகச் சொன்னாள். மறுநாள் சொன்ன குறை, நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்கார ஒரு பெஞ்சு காலியில்லை என்பது. அதற்கடுத்த வாரம் நான் போன் செய்தால் எடுக்கவே இல்லை, சிநேகிதிகளோடு பேசிக்கொண்டிருந்தாளாம்.

முப்பதாம் நாள் சாயங்காலம் சாய்நாத் வந்தான். விமான நிலையத்திலிருந்து அவனை நான்தான் அழைத்து வந்தேன். கோயம்புத்தூர்க் காகிதங்கள் பையில் இருந்தன. வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் இறங்கியவன் கேட்டுக்கு எதிரிலேயே நின்றுவிட்டான்.

கேட்டுக்கு உட்புறம் அப்பா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, மணிக்கட்டில் பழைய கடிகாரம். போர்ட்டிகோவின் இரண்டு படிகளையும் இறங்கி வந்திருக்கிறார். கூடத்தில் நடப்பது எனக்குத் தெரியும். படி எனக்குமே புதிது. இரண்டடி பின்னால் அன்புச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா" என்றான் சாய்நாத்.

"தள்ளி நில்லுடா. தெரு மறைக்கறது."

நாங்கள் இருவரும் ஒதுங்கினோம். தெருமுனையில் அம்மா திரும்பினாள். தோளில் துணிப்பை, அதில் நீட்டிக்கொண்டு முருங்கைக்காய்கள். கேட்டருகில் நிற்கிற உருவத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ஓடி வந்து பிடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மெதுவாகவே நடந்து வந்தாள்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு நிமிஷம் லேட்."

"காத்துண்டிருக்கேள்னு யார் கண்டா?" என்றாள் அம்மா.

கேட்டைத் திறந்து உள்ளே வந்து, தோளிலிருந்த பையை எடுத்து வாக்கரின் கம்பியில் மாட்டினாள். அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை. அப்பா வாக்கரைத் திருப்பினார். அம்மா அவர் பக்கத்தில் நடந்தாள். அன்புச்செல்வி கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, அவர் முதுகைத் தொடாமல் விரித்து வைத்துக்கொண்டு பின்னால் போனாள். சாய்நாத் பையை இறக்கிவைக்க மறந்து வெளியிலேயே நின்றிருந்தான்.

முதல் படியில் வாக்கர் ஏறியது. முருங்கைக்காய்கள் ஒருமுறை ஆடி நின்றன. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது படியைப் பார்த்தார்.