தொடர்பில்லாத பத்துச் சொற்கள்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. மழையிலிருந்தோ பழைய புகைப்படத்திலிருந்தோ வந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வந்தது இதிலிருந்து:

கிணறு, சாவி, படகு, சோப்பு, கழுத்து, வெல்லம், கோபுரம், ஊசி, ஆந்தை, கடிதம்.

இரண்டாயிரத்து மூன்றில் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவைச் சுற்றியிருந்த தமிழ் வீடுகளில் வயதானவர்களுக்கு இதை வாசிப்பது என் வேலை. வாசிக்க வேண்டும். ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேச வேண்டும். பிறகு திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு மதிப்பெண். அதன் பிறகு இரத்தம் எடுப்பார்கள்.

பட்டியலைப் போட்டவர் டாக்டர் பாகீரதி. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் பின்னால் நினைவும் போகிறது, பரம்பரையாக வரும் ஒரு மரபணுவுக்கு அதில் பங்கு உண்டா என்பது அவருடைய ஆராய்ச்சி. பட்டியலுக்கு அவர் வைத்த விதி ஒன்றுதான்: ஒரு சொல் இன்னொன்றை ஞாபகப்படுத்தக் கூடாது.

நான் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ராத்திரி ஷிஃப்டில், அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்துவிட்டு அதை விட்டவன். அதற்கு முன் படிப்பை விட்டேன். இந்தக் கதையையும் விடக்கூடும். முன்பே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையை டாக்டர் பாகீரதி வெறித்துப் பார்த்து —

திருவனந்தபுரத்தில் மழை பெய்தால் மழை பெய்கிறது என்றுதான் அர்த்தம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: மறதியை ஆராய்ந்தவருக்கே மறதி வந்தது விதியின் —

விதி இல்லை. அறுபதை நெருங்கும் வயது, இரத்த அழுத்தம், மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு. அந்த மரபணுவும் இருக்கலாம். ஆய்வு முறையைச் சரிபார்க்க முதல் குழாயில் தன் இரத்தத்தைத்தான் வைத்தார். முடிவைத் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாவது, இது நிற்கும்: சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்த ராஜையன், பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோனவர், பத்துக்குப் பத்து வாங்கினார். எப்படி என்று கேட்டேன்.

"எளுப்பமல்லே சாரே? சாவி கெணத்துல விழுந்துட்டு. படகுல போயி எடுத்தேன். சோப்பு இட்டுக் கழுவி, கழுத்துல கெட்டிக்கிட்டு, வெல்லம் வாங்கப் போனேன்."

"கெணத்துல படகா, அண்ணாச்சி?"

"படகு ஒம்ம பட்டியல்லதான உண்டு? பின்ன எங்க கொண்டு விட? எனக்க தலையிலயா?"

பாகீரதியிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அது ஞாபகமில்லைடா ஆன்சா, கதை. கதை கட்டினா மார்க் செல்லாது."

மத்தியானம் அவரே வந்து கேட்டார்: "அந்த ராஜையன் எத்தனை மார்க்?" சொன்னேன். சிரித்தார். சாயங்காலம் மறுபடியும் கேட்டார். கிணற்றில் படகு வந்த இடத்தில் மூன்றாவது முறையும் புதிதாகச் சிரித்தார். கதை சொல்கிறவனுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

3

பழைய கோட்டைக்குள் இருந்த தன் வீட்டுக்குப் பாகீரதி என்னை வரச் சொன்னார்.

"எனக்குச் சோதனை வை."

"பழைய பட்டியலா மேடம்?"

"அது மனப்பாடம்டா. எத்தனை பேருக்கு வாசிச்சிருக்கேன்! மூளை முழுக்கப் போனாலும் அந்தப் பத்து போகாது. புதுசு போடு. என் வாழ்க்கையோட ஒட்டாத சொல்லா போடு. அஞ்சுக்குக் கீழே போனா நாளையிலேருந்து லாபுக்கு வரமாட்டேன். ஆராய்ச்சி முடிவுல கையெழுத்தும் போடமாட்டேன்."

எது ஒட்டாது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் கணவர் வெங்கடகிருஷ்ணனிடம் கேட்டேன். வங்கியில் ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றபடியே பேசினோம்.

"ரயில்?"

"வேண்டாம். கல்யாணம் ஆன புதுசுல தம்பானூர் ஸ்டேஷன்ல வண்டியை விட்டுட்டோம். பெட்டி மேல உக்காந்துண்டு அழுதா."

"பூசணி?"

"அவ அம்மா போன அன்னிக்கு ஆத்துல அதான் கூட்டு."

"ஆணி?"

யோசித்தார். "சுவத்துல அடிக்கறேன்னு ஒரு தடவை என் விரல்ல அடிச்சா." விரலை நீட்டிக் காட்டினார். நகம் கோணலாக வளர்ந்திருந்தது.

"சார், இப்படிப் போனா ஒண்ணும் மிஞ்சாது."

"மிஞ்ச வேண்டாமே. பழசையே வாசிச்சுடு. பத்து வாங்கிட்டுப் போகட்டும். யாருக்கு என்னடா நஷ்டம்?"

"மேடத்துக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சாலும் மறந்துடுவா."

சொல்லிவிட்டு அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒட்டகம்?" என்றேன். ஒட்டகத்துக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. முதல் சொல் கிடைத்தது.

(குறிப்பு: கதை எழுதுகிறவனுக்கு யாராவது ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்கள் வேண்டும். எனக்கு அன்று வேண்டியிருந்தவை யாரும் ஒட்டாத பத்து. இப்போது அவையும் கெட்டுப்போயின. ஒட்டகம் என்றால் எனக்கு அந்தக் கோணல் நகம்.)

4

முடிவு அ: பழைய பட்டியலை வாசிக்கிறேன். பத்துக்குப் பத்து. நான் ஏமாற்றியது அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உண்மையான மதிப்பெண். எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

முடிவு ஆ: முதல் குழாயின் முடிவைத் திறக்கிறோம். மரபணு இருக்கிறது. அல்லது இல்லை. "அது நோய் வரும் சாய்வைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆகவே அந்தத் தாளை வைத்துக் கதையை முடிக்க —

5

நடந்தது இது. கூடத்தில் அவர் எதிரே உட்கார்ந்து வாசித்தேன்:

ஒட்டகம், தராசு, பஞ்சு, கோடாரி, நண்டு, சுண்ணாம்பு, பீப்பாய், தொப்பி, எரிமலை, முத்திரை.

ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். இனி ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேச வேண்டும். அவரே ஆரம்பித்தார்.

"அந்த ராஜையன் எத்தனை மார்க் வாங்கினான்?"

சொன்னேன். சாவியை, கிணற்றை, படகை. சிரித்தார். சமையலறை வாசலில் காபியோடு வந்த வெங்கடகிருஷ்ணன் அங்கேயே நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை. ராஜையன் கடையைச் சொன்னேன், விழுந்துபோன கையைச் சொன்னேன், இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் இதுவரை படித்தது அப்படி நீட்டிய பேச்சுதான்.

"நேரமாயிடுத்து ஆன்சா. கேளு."

வாசலில் நின்றவர் வேண்டாம் என்று தலையாட்டுகிறார்.

நான் இங்கே விடுகிறேன். கேட்க வேண்டிய வாக்கியம் இதுதான்: முன்னால் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள். கேட்பதானால் அவரிடம் நீங்கள் கேளுங்கள். கேட்டால் கடைசிவரை காத்திருங்கள், நடுவில் எடுத்துக்கொடுக்காதீர்கள். மதிப்பெண்ணை என்னிடம் சொல்ல வேண்டாம்.

அவர் கைகள் மடியில், எண்ணுவதற்குத் தயாராக விரித்தபடி இருக்கின்றன. ஒரு விரல் ஏற்கெனவே மடிந்திருக்கிறது.