நான்கு கட்டங்களும் ஓர் உறையும்

மாந்தர் செய்யும் செயல் யாவும், செய்யாது விடும் செயல் யாவும், நான்கு கட்டங்களுக்குள் அடங்கும். இதனை ஐயுற்றவர் எவரும் வெஸ்டர்டைக் நகரின் பல்கலைக்கழகத்தில் இலர். இருந்த ஒருவரும் நிலநூல் துறைக்கு மாறிச் சென்றுவிட்டார்.

கடல்மட்டத்திற்குத் தாழக் கிடந்தும் அதுபற்றிச் சிறிதும் கவலாத அந்நகரில், கூதிர்க்காலத்துக் காலைப்பொழுது ஈயத்தை உருக்கி வார்த்தாற்போன்ற வானத்தோடு விடிந்து, கால்வாய்தோறும் மூடுபனி படர்ந்து, செங்கல் வீடுகள் தம் நெடுஞ்சாளரங்களைத் திரையிடாது காட்டி நிற்க, மழையையும் எதிர்காற்றையும் ஒருங்கே வைதவாறு மக்கள் மிதிவண்டிகளில் வெள்ளமெனப் பாய்ந்தனர். அவ்வெள்ளத்தை மூன்றாம் மாடியினின்று, தான் வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடக் காணும் உழவனைப்போல் நோக்கி நின்றார் பேராசிரியர் சீப்ரன்.

அவர் கண்ட கோட்பாடு எளிது. ஒன்றை நன்றென்று கருதுதல், அதனைச் சுற்றத்தார் விரும்புதல், தன்னால் இயலுமென நம்புதல், இம்மூன்றும் நிரம்பியவழி எண்ணம் எனும் நான்காவது கட்டம் நிரம்பும். அது நிரம்பினால் செயல் தானே பிறக்கும். பால்பண்ணையார் கறக்குமுன் பசுவின் மடியைக் கழுவுவது ஏன் என்று ஆராயத் தோன்றிய அக்கோட்பாடு, பின்னர் விளக்கின்றி மிதிவண்டி ஓட்டுவோரிடமும், குப்பையைப் பிரிக்காதோரிடமும், தேர்தல்நாளில் உறங்குவோரிடமும் புகுந்து வாகை சூடியது. சென்ற துறைதோறும் வினாநிரலில் செயலின் பெயர் மட்டும் மாறியது.

இவ்வாண்டு மருத்துவத்துறை அழைத்தது. அகவை ஐம்பத்தைந்தை எட்டியோர் அனைவர்க்கும் அரசு ஓர் உறை அனுப்பும். அதனுள் உள்ள சிறுகுழலில் மலத்தின் ஒரு துளியை இட்டுத் திருப்பி விடுத்தால், குடலில் புற்று உண்டோ என்று கண்டு சொல்வர். விடுக்காதோர் ஏன் விடுப்பதில்லை என்பதே வினா.

"சீப்ரன், பன்னெண்டாவது கேள்வியைப் பார்த்தீங்களா?" என்றாள் ஆய்வு உதவியாளர் நீன்கே. "'கறக்கறதுக்கு முன்னாடி பசுவோட மடியைக் கழுவுவீங்களா'ன்னு பழசு அப்படியே நிக்குது."

"எத்தனை பேருக்குப் போச்சு?"

"நானூத்திப் பன்னெண்டு பேர். அத்தனையும் டவுன்காரங்க. பாதிப் பேர் 'எப்பவும்'னு பதில் போட்டிருக்காங்க."

"கணக்கு நிக்குதா?"

"அதாங்க பயமா இருக்கு. அந்தக் கேள்வியோட சேர்த்தா இன்னும் நல்லா நிக்குது."

"அப்ப கோட்பாடு எவ்வளவு கெட்டின்னு பாரும்மா" என்றுரைத்துப் பேராசிரியர் விரிவுரைக்குச் சென்றார்.

அங்கே வழக்கம்போல் தம் தமக்கை ஹில்கேயை எடுத்துக்காட்டினார். "எங்க அக்கா பதினோரு மாசம் அந்த உறையை ரொட்டி டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிருந்தா. தபால் பெட்டி எதிர்த்த வீட்டு வாசல்ல! இதுக்கெல்லாம் கோட்பாடு எதுக்கு, முதுகுல ஒண்ணு வெச்சாப் போதும்." அவை நகைத்தது. அந்நகைச்சுவை ஈராண்டுப் பழமையுடையது. ஹில்கே குடற்புற்றில் வீழ்ந்த பின்னும், அதனை நீக்கவேண்டும் என அவர் நினைத்தும், நாவின் பழக்கத்தால் நீங்காது நின்றது.

மாலையில் மருத்துவமனை சென்றார். அவள் இளவேனிலைக் காண்பது அரிதென மருத்துவர் முன்னரே மொழிந்திருந்தனர்.

"என்னை வெச்சு இன்னிக்கும் சிரிக்க வெச்சியாடா?"

அவர் தாம் கொணர்ந்த ஆரஞ்சுகளை மேசைமேல் அடுக்கலானார்.

"அட, கோவமில்லடா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நல்லதுன்னு தெரியும். உங்க மாமா தினமும் கத்தினார். ரெண்டு நிமிஷ வேலை. பண்ணணும்னும் இருந்துச்சு. உன் நாலு கட்டமும் ரொம்பித்தானே இருந்துச்சு? பின்ன நான் ஏன்டா பண்ணல?"

நூற்றுத்தொண்ணூறு கட்டுரைகள் யாத்த அப்பெருமகனார் ஆரஞ்சு ஒன்றைக் கையிலெடுத்தார்.

"ஆரஞ்சு உரிச்சுத் தரட்டுமாக்கா?"

"உரி" என்றாள் அவள், இரக்கத்தோடு. பின்னர்ச் சுளையொன்றை வாயிலிட்டு, "போன மாசம் உனக்கும் அம்பத்தஞ்சு ஆச்சே. உறை வந்திருக்குமே, அனுப்பிட்டியா?" என்றாள்.

"நாளைக்கு அனுப்பிடறேன்."

ஹில்கே அடுத்த சுளையை எடுத்தாள். "தோலைக் கீழ போடாத" என்று மட்டும் கூறித் தலையணையில் சாய்ந்தாள்.

இல்லம் மீண்ட சீப்ரன், நனைந்த மேலாடையையும் களையாது, வந்த நாள்முதல் மேசைமேல் கிடந்த உறையைப் பிரித்தார். சிறுகுழலை விளக்கொளியில் உயர்த்திக் கண்டார். நன்றென்று அறிவார், உடன்பிறந்தாள் விரும்புவதை அறிவார், இயலும் என்பதையும் அறிவார், எண்ணமோ நெஞ்சு முட்ட நிறைந்திருந்தது. கதவுக்கும் பாலத்தருகே நின்ற அஞ்சற்பெட்டிக்கும் இடையே முப்பது அடி. அமர்ந்திருந்தார், செயல் பிறக்கும் என்று காத்திருந்தார், தம் வயிறு எவரோ அயலாருடையது போலக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு. சாளரத்தின் புறத்தே மழை பெய்தது, பெய்து ஓய்ந்தது. பின்னர் அவர் எழுந்து, குழலை உறையுள் இட்டு, மடிப்புக் கலையாது மூடி, நூல்நிரையில் தம் நூல்கள் இரண்டின் நடுவே, ஈரம் படாத இடமாகத் தேர்ந்து, விளிம்பு வெளித்தெரியாதவாறு மெல்லச் செருகினார்.