பெற்றவள் கூட்டிப்போனால்

1

இந்தக் கதை, கண்டியில் என் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் சொன்னது. நான் சட்டத்தரணி, ஊர் யாழ்ப்பாணம். பெயர்களை மாற்றிவிட்டேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்த ஒரு காலையில் சிறுமி லதுஷா கலஹாவிலிருந்து கடத்தப்ப—’

நிறுத்த வேண்டியதாயிற்று. சட்டப்படி அந்தச் சொல் நிற்காது.

2

நடந்தது இதுதான். என்னிடம் வந்த புஷ்பகாந்தி கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். கணவனை இழந்த தங்கை தயாளினி குவைத்துக்குப் போனபோது விட்டுச்சென்ற கைக்குழந்தையை அவள்தான் வளர்த்தாள். லதுஷாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. திரும்பி வந்த தயாளினி பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஒருநாள், “காலுக்குச் சப்பாத்து வாங்கப் போவோம்” என்று பிள்ளையை பஸ் ஏற்றிக்கொண்டு போனவள் திருப்பி அனுப்பவில்லை.

“பொய் சொல்லித்தானே மிஸ் கூட்டிட்டுப் போனா? அது கடத்தல் இல்லீங்களா?”

(பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையைப் பாதுகாவலரின் சம்மதமின்றிக் கொண்டுபோவது ஆட்கவர்தல். ஏமாற்றி ஒருவரை ஓரிடத்திலிருந்து போகச் செய்வது கடத்தல். ஆனால் கடத்தலுக்குப் பின்னால் தீய நோக்கம் இருந்தால்தான் அதற்குத் தண்டனை. வாசகர் இதைத் தாண்டிப் போகலாம். புஷ்பகாந்தியால் முடியவில்லை.)

“பெத்த தாய்தான் பாதுகாவலர். தன்ர பிள்ளையைத் தன்னோட வச்சிருக்க நினைக்கிறது கெட்ட நோக்கமில்லை.”

“பிள்ள போன்ல அழுவுறா மிஸ். நா போயி கூட்டிட்டு வந்திர்றேனே?”

“அதுதான் குற்றமாகும்.”

“அவளே வர்றேன்னு சொன்னாலுமா?”

“ஓம். பிள்ளையின்ர சம்மதம் செல்லாது.”

பிள்ளையைத் தன் பொறுப்பில் தரும்படி கேட்டு வழக்குப் போடலாம் என்றேன். எவ்வளவு காலம் ஆகும் என்றாள். மாதங்களாகலாம், வருடங்களும் ஆகலாம் என்று இழுத்தேன்.

3

தயாளினியைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவள் உண்மையாகவே சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பெற்ற மகள் தன்னை ‘சித்தி’ என்றும் அக்காவை ‘அம்மா’ என்றும் கூப்பிடும்போது அவள் [இந்த வாக்கியத்தை முடிக்க என்னால்

4

முதல் முடிவு: புஷ்பகாந்தி கலஹா பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகிறாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று அவள் போனதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பல்லேகலப் பக்கம் போகும் பஸ்ஸில்தான் ஏறினாள்.

இனி வருவது என் கற்பனை. பல்லேகலயில் ஒரு வாடகை அறை. தயாளினி வேலையில். கதவைத் திறந்த லதுஷா, “அம்மா” என்று புஷ்பகாந்தியின் சேலையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். உடுப்புப் பை கட்டித் தயாராக இருக்கிறது.

ஒரு வரி எழுதினால் புஷ்பகாந்தி சிறைக்குப் போகலாம். இன்னொரு வரி எழுதினால், பிள்ளையின் விரல்களை அவளே பிரித்தெடுக்க வேண்டும். எது சட்டம் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

நீங்கள் எழுதுங்கள். தயாளினி வேலை விட்டு வரும் நேரமாகிறது.