பதின்மூன்று பேருக்கு ஒரு பக்கத்துவீட்டுக்காரன்

நான் மக்டலீன். யாழ்ப்பாணத்தில பதினெட்டு வருசம் ரியூசன் குடுத்தவள். என்னட்டைப் படிச்சதுகள் இப்ப லண்டனிலயும் சிட்னியிலயும் டொக்டர், எஞ்சினியர். பெருமைக்குத்தான் சொல்லுறன், வேற என்னத்துக்கு? ரொறன்ரோவுக்கு வந்து பதினொரு வருசம் ஒரு பேக்கரியில பாண் அடுக்கினனான். அதுக்குப் பிறகுதான் மல்வேர்னுக்குக் கிட்ட ஒரு சமூக நிலையத்தில, புதுசா வந்த ஆக்களுக்கு இங்கிலீசு படிப்பிக்கிற வேலை கிடைச்சுது. ஆறு மாதத்துக்கு மட்டும். வகுப்பு நல்லாச் செய்தால் நிரந்தரமாக்குவினமாம். செய்யாட்டித் திரும்பவும் பாண்தான்.

என்ர வகுப்பில பதினாலு பேர், எல்லாரும் சீனர். முதல் நாளே எனக்கு அவையளைப் பிடிச்சுப்போச்சு. எங்களைப் போலவே சோதினையில பிறந்து சோதினையில வளர்ந்த சனம். நான் இருமினாலும் கொப்பியில எழுதுவினம்.

நிலையத்தால தந்த புத்தகத்தில, ரண்டு ரண்டு பேராய் இருந்து கதையுங்கோ எண்டு போட்டிருந்திச்சு. கதைக்கத் தெரிஞ்சால் அதுகள் ஏன் என்ர வகுப்புக்கு வருகுதுகள்? புத்தகத்தை மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிட்டு, நான் என்ர நோட்ஸை எழுதினன்.

'நைஸ்' எண்ட ஒரு சொல்லுக்கு மட்டும் அஞ்சு பக்கம். ஒன்பது கருத்து. ஆள் நைஸ் எண்டால் அன்பானவர், சாப்பாடு நைஸ் எண்டால் ருசி, வெய்யில் எறிச்சால் காலநிலை நைஸ். எட்டாவது கருத்து 'நுணுக்கமான' எண்டது, ஒரு நைஸான வேறுபாடு எண்டு சொல்லுற மாதிரி. அது எங்கட நிலைய மனேச்சருக்கே தெரியாது, கனடாவில பிறந்த மனிசன். கடைசிப் பக்கத்தில ஒரு மாதிரிப் பந்தி: என்ர பக்கத்துவீட்டு மிஸ்டர் பிரவுண் ஒரு நைஸான மனிதர், பனி கொட்டினால் அள்ளித் தள்ள எனக்குத் தன்ர சவளைத் தருவார். பாடமாக்குங்கோ எண்டன். பதின்மூன்று பேர் பாடமாக்கிச்சினம்.

மிச்சம் ஒராள் மிஸிஸ் லியூ. காலமை வகுப்பு, பின்னேரம் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில றால் உரிப்பு, அதுவும் ஆறு மாத வேலைதான். குடியுரிமைக்கு அவவுக்கு நாலாம் நிலைச் சான்றிதழ் வேணும். ரண்டு தரம் தவறவிட்டவ. அந்த மனிசி எழும்பி, உந்த ஒன்பதுக்கும் சீனத்தில 'ஹாவ்' எண்ட ஒரு சொல் காணுமே எண்டு கேட்டா. எனக்கு விசர் வந்திட்டுது. பிறகு, தான் நிலக்கீழ் அறையில இருக்கிறதாம், மேல்வீட்டுக்காரன் சவள் தாறதில்லை, நிலத்தில தடியால இடிக்கிறவனாம், அதைச் சொல்லட்டோ எண்டா. சோதினை உண்மை சொல்லுற இடமில்லை எண்டு சொல்லி இருத்தினன்.

சோதினை வெள்ளிக்கிழமை. வாற அதிகாரிதான் அவையளுக்கு நிலை போடுறது. என்ர வேலைக்கும் அதே ஆள்தான் அறிக்கை எழுதுறது. ஊரில இன்ஸ்பெக்டர் வாற நாளில மொக்குப் பிள்ளையளை வீட்டில நிக்கச் சொல்லுவம். எல்லாப் பள்ளிக்கூடமும் செய்யிறதுதான். வியாழக்கிழமை நான் மிஸிஸ் லியூவைத் தனியக் கூப்பிட்டு, நல்லாக் களைச்சுப்போனீங்கள், நாளைக்கு வீட்டில நிண்டு ஆறுங்கோ எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னன்.

வெள்ளிக்கிழமை அவதான் முதல் ஆளாய் வந்து குந்தியிருந்தா. மாதாவே! நான் அவவைக் காணாத மாதிரிக் கதிரையளை அடுக்கினன்.

அதிகாரி நடாஷா, எங்கட தமிழ்ப் பிள்ளை, இஞ்ச பிறந்தது. ஒவ்வொருத்தராய் அறைக்குள்ள கூப்பிட்டாள். நான் மூலையில இருந்து பாக்கலாம், வாய் திறக்கக்கூடாது. உங்களுக்குத் தெரிஞ்ச ஒராளைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டாள். லியாங் எண்டவர், முந்தி எஞ்சினியர், நிமிர்ந்து இருந்து மிஸ்டர் பிரவுணை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிச்சார். அடுத்த மனிசிக்கும் மிஸ்டர் பிரவுண். அஞ்சாவது ஆளோட நடாஷா பேனையை வைச்சிட்டாள். ஒன்பதாவது ஆளோட அவளும் சேர்ந்து வாயை அசைச்சாள். பதின்மூன்று பேருக்கும் அதே சவள்.

கடைசியாய் மிஸிஸ் லியூ. உடைஞ்ச இங்கிலீசுதான், ஆனால் நிண்டு நிண்டு சொன்னா.

"என்ர ரீச்சரைப் பற்றிச் சொல்லுறன். நேற்று அவ சிரிச்சுக்கொண்டு, நீ களைச்சுப்போனாய், நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொன்னா. நான் களைக்கேல்லை. அவவுக்குப் பயம். அவவுக்கு ஆறு மாத வேலை. எனக்கும் ஆறு மாத வேலை. பயந்த ஆள் எப்பிடிச் சிரிக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

அப்ப உங்கட ரீச்சர் நைஸான ஆளோ எண்டு நடாஷா கேட்டாள்.

"இல்லை," எண்டா மிஸிஸ் லியூ. யோசிச்சிட்டு, "ஆனால் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை," எண்டா.

எனக்கு ரண்டு காதும் சுட்டுது.

நடாஷா அவவை வெளியில இருக்கச் சொல்லிட்டு, கதவைச் சாத்தினாள். மற்றவையளுக்கு வேற நாள் சோதினை வைக்கலாம், பாடமாக்கினது ஒரு பெரிய குற்றமில்லை எண்டு தமிழில சொன்னாள். ஆனால் ஒராளை வரவேண்டாம் எண்டு மறிச்சிருந்தால் தான் அதை அறிக்கையில எழுதத்தான் வேணுமாம்.

"அன்ரி, நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ? இல்லாட்டி அவ பிழையா விளங்கிட்டாவோ?"

பிள்ளை எனக்கு ஒரு வழி விடுறாள். பிழையா விளங்கிட்டா எண்டு ஒரு சொல் சொன்னால் காணும், என்ர வேலை தப்பும். ஆனால் நேர சொன்ன சாதாரணக் கதையே விளங்காத ஆளுக்கு நாலாம் நிலை ஆர் குடுப்பினம்? மூண்டுதான். மனிசி மூண்டாம் தரமும் தவறவிடும். பொய் சொல்ல என்ர வாய் ஆயத்தமாய்த்தான் இருந்திச்சு, மறைக்கேல்லை. பதினொரு வருசப் பாணும் அதின்ர சூடும் கண்ணுக்கு முன்னால வந்திச்சு. கதவுக் கண்ணாடியால பாத்தன். மனிசி கதிரை நுனியில, கையை மடியில பொத்தி வைச்சுக்கொண்டு இருக்கிறா.

"ஓம் பிள்ளை, சொன்னனான்," எண்டன். "இங்கிலீசில, வேகமாய், சிரிச்சுக்கொண்டு, சுத்தி வளைச்சுத்தான் சொன்னனான். அவ ஒண்டும் விடாமல் விளங்கியிருக்கிறா. நாலு போடு."

நடாஷா நாலு போட்டாள். பிறகு அந்தத் தாளை அங்கால வைச்சிட்டு, அறிக்கைத் தாளை எடுத்து என்ர முழுப்பேரைக் கேட்டாள்.