கையில் காலணா இல்லை என்பதற்கு ஆங்கிலம்

மியூட் பொத்தானை அலர்மேல்மங்கை ஏற்கெனவே அழுத்தியிருந்தாள். அது தெரியாமல் நானும் ஒருமுறை அழுத்தினேன். ஒரு ஆள் அழுத்தினால் நம் பேச்சு அந்தப் பக்கம் கேட்காது. இன்னொரு ஆளும் அழுத்தினால் மறுபடி கேட்கும். இதை எங்கள் கால் சென்டரில் வாரம் தவறாமல் வகுப்பில் சொல்லித் தருகிறவன் நான்தான்.

மறுமுனையில் இங்கிலாந்து, லீட்ஸ் நகரத்து மூதாட்டி. வீட்டுத் தொலைபேசி வேண்டாம், இணைப்பை வெட்டிவிடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். "ஸ்ட்ராப்ட் ஃபார் கேஷ்" என்று ஒரு வார்த்தை விட்டார். பயிற்சிக்கு வந்திருந்த அலர்மேல் முழித்தாள். பயிற்சியாளன் என்ற முறையில் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்திருந்த நான், விளக்கத் தொடங்கினேன்.

"கையில காலணா இல்லங்குது கிழவி. நம்பாத. நாய்க்கு பிஸ்கட் வாங்க மட்டும் காசு இருக்கும் பாரு!"

என் வாணியம்பாடித் தமிழ் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. பிறகு மூதாட்டி, அங்கே யாரோ ஓர் ஆணுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறதே, முதலில் அவரைக் கவனி கண்ணு என்று பரிவோடு சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்து அந்த அழைப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அழைப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி விழுந்தால் அதற்கு ஃபேட்டல் என்று பெயர். அழைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அது அவர் தலையில். பேசிய குரல் யாருடையது என்று எழுதப் படிவத்தில் இடமே கிடையாது. பயிற்சிக் காலத்தில் ஒரு ஃபேட்டல் விழுந்தால் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அலர்மேலுக்கு வீடு சந்தாபுரா. ஆனேக்கல்லில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள். அந்த இடத்தில் இப்போது வேறு டீச்சர்.

நான் சில்வெஸ்டரிடம் ஓடினேன். அல்சூர்க்காரன், எங்கள் தளத்து மேனேஜர், டீக்கடைக் கூட்டாளி.

"சில்வா, அந்தப் பொண்ணு வேலை என்னா ஆகும்?"

"பாட்டம் லைன்னு ஒண்ணு இருக்கு மச்சா."

பாட்டம் லைன் என்றால் வரவுசெலவின் கடைசி வரி, அதாவது லாபமா நஷ்டமா என்பது. இதை அவனுக்குச் சொல்லித் தந்தவன் நான். பணத்தைப் பற்றிய ஆங்கிலத் தொடர்கள்தான் என் சரக்கு. ஒரு பொருள் கையையும் காலையும் விலையாகக் கேட்கிறது என்று வெள்ளைக்காரன் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், விலை அதிகம் என்கிறான். பயிற்சிப் பிள்ளைகளோடு மேனேஜர்களுக்கும் வகுப்பெடுத்தேன். வினை அங்கே தொடங்கியது.

"சரி, அவ லாபமா நஷ்டமா?"

"க்ளையண்ட் ஹோல்ட்ஸ் த பர்ஸ் ஸ்ட்ரிங்ஸ்." சுருக்குப்பையின் கயிறு, அதாவது காசு பற்றிய முடிவு, எங்களுக்குக் கூலி தரும் இங்கிலாந்துக் கம்பெனி கையில் இருக்கிறதாம். "சொல்ப பொறு, பார்க்கலாம்." சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம்.

பொறுக்க முடியவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி எச்.ஆர். க்ளென்னிடம் போனேன். அவர் தொப்பையைத் தடவியபடி, "வீ ஆர் ஆல் டைட்டனிங் அவர் பெல்ட்ஸ், எரிக்" என்றார். எல்லோரும் செலவைக் குறைக்கிறோம் என்று பொருள். எரிக் என்பது நான். எத்திராஜ் என்ற பெயர் லீட்ஸில் செல்லாது.

கீழே வந்தேன். மேலே போனேன். காபி மெஷினில் காபி பொத்தானை அழுத்தினேன், வெந்நீர் வந்தது. எனக்கும் பொத்தான்களுக்கும் அன்று ராசியில்லை. வெந்நீரையே குடித்துவிட்டு மறுபடி கீழே வந்தேன்.

கேன்டீனில் அலர்மேல் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை டப்பாவின் மேல் சுற்றி வைத்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"அவங்க கேக்கறதுக்குள்ள நானே குடுத்துடலாம்னு. என்ன சொன்னாங்க சார்?"

"பாட்டம் லைன்..."

"தமிழ்ல சொல்லுங்க சார். பேசினது நீங்கன்னு சொன்னீங்களா?"

"ஐ வில் ஃபுட் த பில்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுதாம்மா வந்தேன்."

செலவை நானே ஏற்கிறேன் என்று பொருள். வகுப்பில் இதற்கு நல்ல கைதட்டல் கிடைக்கும்.

"அதுக்கு அவங்க?"

"சிரிச்சாங்க."

"சிரிப்பாங்க சார். நீங்க வாயத் தொறந்தாலே எல்லாரும் சிரிக்கத்தானே செய்றோம்." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீங்கதான்னு சொன்னீங்களா, சொல்லலியா?"

நான் டப்பாவின் மேலிருந்த நாடாவைப் பிரித்து, அட்டையை அவள் பக்கம் தள்ளினேன். "இதை மாட்டு. சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

சில்வெஸ்டரின் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சில்வா, இங்கிலீஷ் வேணாம். மியூட்டை எடுத்துவிட்டது நான். தமிழ்ல கத்தினது நான். அவ வாயே தொறக்கல. அவளை வெச்சுக்குவியா, மாட்டியா?"

"லுக் எரிக், வென் இட் கம்ஸ் டு மணி..."

"எத்திராஜ்" என்றேன்.

அவன் நிறுத்தினான். ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தலைகள் இங்கிலாந்தோடு பேசிக்கொண்டிருந்தன.

"நான்தான் பேசினேன்னு எழுதிக் குடு. அவ இருப்பா" என்றான். "உன்னை அனுப்பிடுவாங்கடா."