தப்பாகப் பாடும் உத்தியோகம்

காரைக்காலில் என் குரலைவிட மோசமான குரல் உப்பு வண்டி இழுக்கும் கழுதைக்கு மட்டும்தான் உண்டு என்பாள் என் மனைவி ஜொஹரா. அதையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். அப்பேர்ப்பட்ட குரலை, "நூகு நானா, நீங்க வந்து ரெண்டு வரி பாடினாத்தான் கல்யாணம் களை கட்டும்" என்று அண்ணன் முறை சொல்லி, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் போன காலம் ஒன்று இருந்தது. சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்லத்தான் போகிறேன்.

என் தொழில் பாட்டு அல்ல, பாட்டைப் பெரிதாக்குவது. மைக் செட் வாடகை. ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு லாரி பேட்டரி, ஒரு கிராமபோன், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். அந்தப் பெட்டியில் தேய்ந்து நரைத்துப் போன தட்டு ஒன்று உண்டு. நாரை மார்க் கம்பெனி போட்ட சிரிப்புத் தட்டு. ஒரு பெண் சிரிப்பாள், அவ்வளவுதான். முதலில் மூக்குக்குள் சிரிப்பாள். அடக்கப் பார்ப்பாள். அடங்காமல் தொண்டைக்கு வரும். அப்புறம் பந்தலே சேர்ந்து சிரிக்கும். சம்பந்திச் சண்டை முற்றும் நேரத்தில் அந்தத் தட்டைப் போட்டு நான் நிறுத்திய சண்டைகள் கணக்கில் அடங்காது. தட்டின் நடுவில் நாரைப் படம் இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது. சிரித்தவள் பெயர் இல்லை.

திருநள்ளாற்றில் ஒரு கல்யாணத்தில் அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். பந்தக்காலில் சாய்ந்து நின்ற ஒரு பெண், தட்டில் சிரிப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் அதே சிரிப்பைச் சிரித்தாள். முள்ளை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"அது நான்தாங்க" என்றாள். "லோகாம்பாள். இந்த ஊருதான்."

"சிரிக்கிறதுக்கா மெட்ராஸ் வரைக்கும் போனீங்க?"

"பாடத்தான் போனேன்."

பாடிக் காட்டச் சொன்ன அன்றைக்குக் கம்பெனி முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாராம். மாலைக்குள் ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். கம்பெனியில் ஏற்கெனவே ஒரு பெரிய பாடகி இருந்தார். அவர் தட்டு சந்தையில் பறந்துகொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக வேறு கம்பெனிக்காரன் லோகாம்பாளைப் பாடவைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அவளை வளைத்துப் போட்டார்களே தவிர, தாங்கள் பாடவைக்க அல்ல. எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நாடகத் தட்டுல பொறந்த கொழந்தையா அழுதேன் நானா. எமன் வர்றப்ப நாயா ஊளையிட்டேன். சிரிப்புத் தட்டு நல்லா ஓடுச்சு, அதனால இன்னொரு சிரிப்பு கேட்டாங்க."

"ஒரு பாட்டுகூடவா இல்ல?"

"பெரிய அம்மா பாடுறப்ப பின்னால நின்னு 'ஆ' சொன்னேன். அந்த 'ஆ' ரொம்ப நல்லா இருந்துச்சாம். அடுத்த பாட்டுலேருந்து அதையும் எடுத்துட்டாங்க."

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில், தானே கட்டிய பாட்டு ஒன்றை மெதுவாக எனக்குப் பாடிக் காட்டினாள்.

*அலையே உனக்கு எந்த ஊரு – நீ*
*அணைக்கிற கரையெல்லாம் சொந்த ஊரு*

முதல் வரியை இரண்டாம் முறை பாடும்போது அந்த 'எந்த'வில் குரல் ஒரு படி ஏறும், அங்கே நிற்கும், யாரும் எதிர்பாராத நேரத்தில் இன்னொரு படி ஏறும். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கையில் வைத்திருந்த தட்டைக் கீழே போட்டு உடைத்தேன். உடைந்தது அந்தப் பெரிய பாடகியுடையது என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு சந்தோஷம் உண்டு.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இந்திய யூனியனுக்குள் எந்த மேடையிலும், எந்தக் கல்யாணத்திலும், கம்பெனியைக் கேட்காமல் அவள் பாடக் கூடாது. பாடினால் வழக்கு. அதோடு ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருஷம் நீளும். எழுதிய வக்கீல் மெட்ராஸ்காரர். காரைக்கால் என்று ஒரு சின்ன ஊர் இருப்பதும், அங்கே இன்னும் பிரெஞ்சுக்கொடி பறப்பதும் அவர் நினைப்பில் இல்லை. திருநள்ளாறும் எங்கள் காரைக்காலைச் சேர்ந்ததுதான்.

"தங்கச்சி, நீங்க நிக்கிறது பிரெஞ்சு மண்ணு" என்றேன். "வாயத் தொறங்க, பாத்துக்கலாம்."

அப்படித்தான் நண்டலாற்றங்கரைக் கச்சேரி ஆரம்பமானது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இந்தியா. பாலத்தில் குறுக்குக் கட்டை போட்டிருந்தார்கள். பெர்மிட் இல்லாமல் தாண்ட முடியாது. எங்கள் கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு லோகாம்பாளை உட்காரவைத்து, இரண்டு குழாயையும் அக்கரை பார்த்துக் கட்டினேன். ஜனங்கள் இரண்டு கரையிலும் உட்கார்ந்து கேட்டார்கள். பாட்டுக்கு எந்த அதிகாரி பெர்மிட் கேட்கப் போகிறான்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நான் சாமான்களை வண்டியில் ஏற்றுவேன். ஜொஹரா என்னைப் பார்த்து, "புது மாப்பிள்ளை கெளம்பிட்டாரு" என்பாள்.

கம்பெனிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. முத்தையன் என்றொரு ஏஜெண்டை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், கையில் குடை, முகத்தில் எப்போதும் ஒரு வயிற்றுவலி. பெர்மிட் கிடைக்காமல் அக்கரையில் நின்று கத்தினார்.

"லோகாம்பா! நிறுத்து! கம்பெனி பாத்துக்கிட்டு இருக்கு!"

நான் மைக்கை எடுத்து, "கம்பெனியக் கொஞ்சம் உக்காந்து கேக்கச் சொல்லுங்க. பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது" என்றேன். இரண்டு கரையும் சிரித்தது. அவரிடம் மைக் இல்லை, பாவம்.

அடுத்த வாரமும் வந்தார், நின்றார். அதற்கடுத்த வாரம் உட்கார்ந்தார். பிறகு ஒரு கோரைப்பாய் கொண்டுவந்தார். புரட்டாசி பிறந்தபோது, 'எந்த' என்று குரல் ஏறும் இடத்தில் அவர் குடையும் சேர்ந்து ஆடுவதை இக்கரையிலிருந்து நானே பார்த்தேன். வேவு பார்க்க வந்தவர் என்பதை அவரே மறந்துபோனது போல இருந்தது.

இப்படி நாங்கள் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரன் போகிறான், காரைக்கால் இந்தியாவோடு சேர்கிறது. கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். நான் இரண்டு குழாயையும் கடை வாசலில் கட்டி, தொண்டை கிழியப் பாட்டுப் போட்டேன். முகம் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து வாயில் லட்டைத் திணித்தார். லட்டை மென்றுகொண்டே திரும்பினால் லோகாம்பாள் நிற்கிறாள். அவள் கையிலும் லட்டு. கண்ணில் தண்ணீர்.

"சந்தோசமாத்தான் இருக்கு நானா" என்றாள். "அதுதான் கஷ்டமா இருக்கு. ஊருக்கெல்லாம் வெலங்கு கழலுது. எனக்கு மட்டும் மாட்டுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. கட்டையை எடுத்துவிட்டால் காரைக்காலும் இந்திய யூனியன். கம்பெனியின் கை எங்கள் கொட்டகை வரைக்கும் நீளும்.

"ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா..."

"வாய மூடிக்கிட்டா தொண்டை என்னாவும்? இப்பதான் நாலு பேரு எம் பாட்ட எம் பாட்டுன்னு சொல்றாங்க."

வாயில் இருந்த லட்டு மண்ணாக இருந்தது.

முதல் தேதி வந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் நண்டலாற்றுப் பாலத்திலேயே விழா வைத்தார்கள். குறுக்குக் கட்டையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அக்கரை ஜனம் இக்கரைக்கு ஓடியது, இக்கரை ஜனம் அக்கரைக்கு ஓடியது. அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் திரும்பி ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் குடையோடு முத்தையனும் பாலம் தாண்டி வந்தார். முதல் வரிசையில் நாற்காலி போட்டு, மேடையைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு அவரை ஆற்றில் தள்ள வேண்டும் போல இருந்தது.

கொடி ஏற்றினார்கள், பேசினார்கள். ஜனங்கள் விடவில்லை. "லோகாம்பா! லோகாம்பா! அலையே!" என்று ஒரே கூச்சல். அவள் மேடைக்கு வந்து மைக் முன்னால் நின்றாள்.

"என்ன மன்னிக்கணும். நான் பாடக் கூடாது, கம்பெனி ஐயா முன்னால உக்காந்திருக்காங்க. பாட்டு ஒங்களுக்குத்தான் தெரியுமே, நீங்க பாடுங்க. நான் தாளம் போடுறேன்."

அவள் கை தட்ட ஆரம்பித்ததும் இரண்டு கரையும் பாடியது. ஆளுக்கு ஒரு சுருதி. ஆனாலும் முதல் முறை எப்படியோ கரையேறிவிட்டது. இரண்டாம் முறை வந்தது, அந்த 'எந்த' வந்தது. அத்தனை பேரும் வாயைத் திறந்தார்கள், ஏற முடியாமல் அப்படியே நின்றார்கள். ஆற்றங்கரையே கப்சிப். தாளம் மட்டும் கேட்டது. லோகாம்பாள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பாட்டு அந்தரத்தில் நிற்கிறதே என்ற தவிப்பில், அவள் முன்னால் இருந்த மைக்கைப் பிடித்து நானே ஏறினேன்.

"எந்த்த்த்தாஆ..."

இரண்டு குழாயும் அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோனது. பனைமரத்துக் காக்கைகள் பறந்தன. ஜொஹரா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். முத்தையன் தேள் கொட்டியவர் மாதிரி எழுந்தார்.

"நிறுத்துய்யா! அக்கிரமம்! அந்த எடம் அப்படியா? ஏம்மா, நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே, அந்த ஆளுக்கு அதச் சரியாச் சொல்லித் தொலையேன்!"

லோகாம்பாள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாடினாள். ஒரு படி ஏறி, நின்று, யாரும் எதிர்பாராத நேரத்தில் இன்னொரு படி. அந்த ஒரு சொல் மட்டும்தான்.

முத்தையனுக்குத் தான் செய்த காரியம் அப்புறம்தான் புரிந்தது. முகம் வெளிறிப்போய் மெல்ல உட்கார்ந்தார். எனக்கு மூளையில் வெளிச்சம் அடித்தது. அடுத்த வரியை எடுத்தேன். இந்த முறை தவிப்பில் அல்ல, வேண்டுமென்றே, என்னால் முடிந்த அளவு கேவலமாகப் பாடினேன். பாடிவிட்டு முத்தையனைப் பார்த்தேன். ஊரே அவரைப் பார்த்தது.

அவர் ஆற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். குடையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

"அதுவும் தப்பு" என்றார். "தப்பத் திருத்துறது பாட்டுக் கச்சேரியில சேராது."

அவ்வளவுதான். கிளிஞ்சல்மேட்டு மாரிக்கண்ணு, கடலில் படகைக் கூப்பிடுகிற குரலில் ஒரு வரியைக் கொலை செய்தான். லோகாம்பாள் திருத்தினாள். அக்கரைக் கிழவி ஒருத்தி ஒப்பாரி மெட்டில் இழுத்தாள். லோகாம்பாள் திருத்தினாள். தப்பாகப் பாட வரிசை கட்டி நின்றார்கள். கடைசியில் முத்தையனே எழுந்து, "எனக்கும் ஒரு சந்தேகம்" என்று தொண்டையைக் கனைத்தார். பொழுது சாயும்வரை அவள் திருத்திக்கொண்டே இருந்தாள். எங்கள் விடுதலை விழா அப்படித்தான் நடந்தது.

கம்பெனிக்கு என்ன சொன்னீர்கள் என்று பிற்பாடு முத்தையனைக் கேட்டேன். "லோகாம்பாள் பாடவில்லை. காரைக்காலில் யாருக்கும் பாட வரவில்லை. இரண்டும் உண்மைதானே?" என்றார்.

அதிலிருந்து எங்கள் பக்கத்தில் அவள் போகாத கல்யாணம் இல்லை. முதலில் நான் ஏறிக் கெடுப்பேன், அவள் ஏறிச் சரி செய்வாள். எனக்குப் போட்டியாகக் கருக்களாச்சேரியில் ஒருவன் கிளம்பினான். அவனுக்குக் குரல் கொஞ்சம் நன்றாக இருந்ததால் எடுபடவில்லை.

இரண்டு வருஷமும் முடிந்தது. ஒப்பந்தம் காலாவதியானதும் அதே நண்டலாற்றங்கரையில் கொட்டகை போட்டோம். முத்தையன் கோரைப்பாயோடு முதல் வரிசையில் இருந்தார். லோகாம்பாள் மைக் முன்னால் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். தடுக்க ஒருவரும் இல்லை, ஆனால் அவளுக்கு வாய் வரவில்லை. கண் கலங்கி என் பக்கம் திரும்பினாள்.

"நூகு நானா, பழக்கமாப் போச்சு. ஒரு வரி தப்பாப் பாடுங்களேன்."

மைக்கைப் பிடித்தேன். மூச்சை இழுத்து, அந்த இரண்டாவது 'எந்த'வில் ஏறினேன். இரண்டு வருஷமாக வாராவாரம் அவள் திருத்தத் திருத்தக் கேட்ட காது அல்லவா. பாழாய்ப்போன என் தொண்டை அன்றைக்குப் பார்த்து ஒரு படி ஏறி, நின்று, இன்னொரு படியும் ஏறிவிட்டது.

சரியாக.

கொட்டகை திகைத்தது. ஜொஹரா முக்காட்டை விலக்கி என்னை எட்டிப் பார்த்தாள். லோகாம்பாளுக்கு முதலில் மூக்குக்குள் வந்தது. அடக்கப் பார்த்தாள். அடங்காமல் தொண்டைக்கு வந்தது. என் இரண்டு குழாயிலும் அந்தச் சிரிப்பு அக்கரைக்குப் போனது. அங்கிருந்து யாரோ, "அட, நம்ம சிரிப்புத் தட்டு!" என்று கத்தினார்கள். எத்தனையோ பந்தல்களைச் சிரிக்க வைத்தது யார் என்று பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க உத்தியோகம் போச்சு நானா" என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.